பச்சையை அழுத்திய கை

ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பிப் போகும் அந்தக் கிளைச் சிறைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஆஞ்சலாவின் மேசையைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். வாசலில் போலீஸ்காரர் வாரண்டைக் கொடுத்துவிட்டுக் கிளம்பியதும், வந்தவனுடைய செருப்பும் பெல்ட்டும் செல்போனும் ஒரு துணிப்பைக்குள் போய்விடும். அதற்கப்புறம் வெறுங்காலோடு வந்து அவளுக்கு எதிரே உள்ள ஸ்டூலில் உட்காருவான். அழுதுகொண்டு வருகிறவன் உண்டு, முறைத்துக்கொண்டு வருகிறவன் உண்டு. உட்கார்ந்ததும் எல்லாரும் ஒரே மாதிரி ஆகிவிடுவார்கள். கைகள் இரண்டையும் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு தரையைப் பார்ப்பார்கள்.

"சாப்பிட்டீங்களா?" என்று தொடங்குவாள் ஆஞ்சலா. கணினியில் இருக்கும் கேள்விகளில் அது கிடையாது. ஆனாலும் அதைக் கேட்காமல் அவள் எதையும் தொடங்கியதில்லை. பல வருஷம் ஓர் ஆஸ்பத்திரியில் அவசரச் சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக நின்றவள். முழங்கால் வலி வந்த பிறகு, ஒப்பந்த வேலையாகக் கிடைத்த இந்த உட்கார்ந்த வேலைக்கு வந்திருந்தாள். லிங்கராஜபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வரவேண்டும். வழி நெடுக ஜெபமாலை சொல்லிக்கொண்டு வருவாள். அன்றைக்கு உள்ளே வரப்போகிற முகம் தெரியாத ஆட்களுக்காகத்தான் அந்த ஜெபம்.

சில மாதமாக மேசைமேல் ஒரு புது ஏற்பாடு வந்திருந்தது. தொம்மலூரில் உள்ள ஒரு கம்பெனி செய்து கொடுத்தது. வருகிறவனின் சம்மதத்தைக் கேட்டு, அவனுடைய சுகாதார அட்டை எண்ணைத் தட்டினால், இதற்கு முன் எந்த ஆஸ்பத்திரிக்கு எதற்காகப் போனான், என்ன மாத்திரை சாப்பிட்டான் என்பதெல்லாம் திரையில் வரும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, இந்த ஆள் உயிரை மாய்த்துக்கொள்ளக்கூடியவனா என்று அதுவே ஒரு நிறம் காட்டும். சிவப்பு என்றால் ஆபத்து. பச்சை என்றால் பயமில்லை. மஞ்சள் காட்டினால் தனக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். அப்போது நர்ஸ் நேரடியாகப் பேசிப் பார்த்துப் பச்சையையோ சிவப்பையோ அழுத்தவேண்டும்.

"மஞ்சள்தான் மேடம் முக்கியம். அங்க மெஷினுக்கு உங்க உதவி வேணும்" என்று சொல்லிக் கொடுத்தாள் பார்கவி. அந்தக் கம்பெனியிலிருந்து வந்து, முதல் சில மாதம் கூடவே உட்கார்ந்து பார்க்கும் பெண். வீட்டில் கன்னடம், வேலையில் இங்கிலீஷ், ஆஞ்சலாவிடம் தமிழ் என்று மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவாள். "சிறைக்கு வந்த முதல் சில நாள்லதான் ஆபத்து ஜாஸ்தி மேடம். அந்த நாளைத் தாண்டி விட்டுட்டா பாதிப் பேரைக் காப்பாத்திடலாம்."

அது நல்ல காரியம் என்பதில் ஆஞ்சலாவுக்குச் சந்தேகமே இல்லை. சிவப்பு விழுந்தவனை அதற்கப்புறம் என்ன செய்தார்கள் என்பதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. சிறைக்குள்ளேயே உள்ள ஆஸ்பத்திரி வார்டுக்குப் பின்னால் ஒரு தனி அறை இருந்தது. கம்பிக் கதவு, மின்விசிறி கிடையாது, விளக்கை அணைப்பதே இல்லை. லைட் ரூம் என்று அதற்குப் பெயர். காவலுக்கு நிற்கும் வார்டர்கள் வேடிக்கை பார்ப்பார்கள், மென்டல் என்று கூப்பிடுவார்கள். போன வாரம் ஹரிஷ்குமார் என்று ஒரு டெலிவரி வேலைக்காரனுக்குச் சிவப்பு போட்டாள். மறுநாள் எட்டிப் பார்க்கப் போனபோது அவன் கண்ணெல்லாம் வீங்கிக் கிடந்தது. "உங்களுக்கு நான் என்ன சிஸ்டர் பண்ணேன்?" என்று கேட்டான். அந்தக் கேள்வி அவளோடேயே வீட்டுக்கு வந்தது.

கவியரசன் வந்தது அதற்கு அடுத்த வாரம், ஒரு பிற்பகலில்.

பொம்மனஹள்ளியில் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் வேலை. முப்பதைத் தாண்டிய வயது. குடும்பச் சண்டையில் மனைவியின் அண்ணனுடைய மண்டையைக் கட்டையால் அடித்துப் பிளந்துவிட்டான். அண்ணன் பிழைத்துக்கொண்டான். மனைவி மகா அண்ணனோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். இவனோடு யாரும் வரவில்லை.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு சிஸ்டர்."

பொய் என்று உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது. ஆஞ்சலா தன் பையிலிருந்து இரண்டு பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, சம்மதம் கேட்டு அட்டை எண்ணைத் தட்டினாள். திரை யோசித்தது. மஞ்சள் விழுந்தது. பக்கத்தில் ஒரே ஒரு வரி: போன வருஷம், பூச்சி மருந்து, தவறுதலாகக் குடித்தது.

அந்த வரியைப் படித்ததும் ஆஞ்சலாவின் கை விசைப்பலகைமேல் அப்படியே நின்றது.

அதை வாசிக்க அவளுக்குத் தெரியும். அவளே எத்தனையோ தடவை எழுதியிருக்கிறாள். அவசரப் பிரிவுக்கு அப்படி ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தால், வீட்டாள் யாராவது நர்ஸின் கையைப் பிடித்துக்கொள்வார்கள். போலீஸ், கோர்ட்டு, அக்கம்பக்கம், நாளைக்குப் பெண்ணுக்கு வரப்போகிற சம்பந்தம், எல்லா பயமும் அந்தப் பிடியில் இருக்கும். சட்டம் மாறிவிட்டது, இதற்கெல்லாம் யாரையும் தண்டிப்பதில்லை என்று சொன்னாலும் அந்தப் பிடி தளராது. தவறுதலாகக் குடித்தார் என்று எழுதிவிடுங்கள் அக்கா என்பார்கள். டாக்டருக்கும் தெரியும், நர்ஸுக்கும் தெரியும், விசாரிக்க வருகிற கான்ஸ்டபிளுக்கும் தெரியும். எழுதிவிடுவார்கள். எழுதிய அன்று வீட்டுக்குப் போகும்போது, ஒரு குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றினோம் என்று அவள் மனம் குளிர்ந்திருக்கிறது.

"போன வருஷம் ஆஸ்பத்திரியில இருந்திருக்கீங்களே. என்ன ஆச்சு?"

"அது ஒண்ணுமில்ல சிஸ்டர். கரப்பான் மருந்து. ஜூஸ் பாட்டில்ல ஊத்தி வச்சிருந்தாங்க. தெரியாமக் குடிச்சுட்டேன்."

"அந்த வாடைக்கு அதை வாய்கிட்டயே கொண்டுபோக முடியாதே."

அவன் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான். "எனக்கு அன்னிக்குச் சளி."

வீட்டில் உட்கார்ந்து சொல்லிப் பார்த்து வைத்துக்கொண்ட பதில். அதுவும் அவளுக்குப் பழக்கமானதுதான். அந்த நேரம் பார்த்துப் பார்கவிக்குப் போன் வந்தது. எழுந்து வெளியே போனாள். அவள் போகும்வரை காத்திருந்தவன்போல் கவியரசன் முன்னால் குனிந்தான்.

"அக்கா, வெளிய உக்காந்திருக்கறப்ப ஒருத்தர் சொன்னாரு. இங்க ஏதாவது எழுதிட்டா தனியாப் போட்டுருவாங்களாம். வேணாங்கா. கூட நாலு பேர் இருந்தா எப்படியாச்சும் தாங்கிக்குவேன். தனியா மட்டும் வேணாம்."

அக்கா என்று கூப்பிட்டுவிட்டான். ஹரிஷ்குமாரின் வீங்கிய கண் அவள் முன்னால் வந்து நின்றது. கடைசியாக ஒரு கேள்வி பாக்கியிருந்தது. செத்துப்போய்விடலாம் என்று தோன்றுகிறதா என்று, சுற்றி வளைக்காமல், முகத்தைப் பார்த்துக் கேட்கவேண்டிய கேள்வி. அதை அவள் கேட்கவில்லை. கேட்டதாகவும், இல்லை என்று பதில் வந்ததாகவும் குறித்துவிட்டுப் பச்சையை அழுத்தினாள்.

"எல்லாரும் ஒண்ணாப் படுக்கற பெரிய பாரக்ல போடச் சொல்றேன். பயப்படாதீங்க."

அவன் கும்பிட்டுவிட்டுப் போனான். போன் பேசி முடித்து வந்த பார்கவி திரையைப் பார்த்தாள். "ஓ, பச்சையா? குட்" என்றாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இன்றைக்கு ஓர் ஆளுக்கு இரக்கம் காட்ட எனக்கு வழி காட்டினீர் என்று ஆண்டவருக்கு நன்றி சொன்னாள் ஆஞ்சலா. சில்க் போர்டில் பஸ் நகராமல் நின்றபோதுகூட எரிச்சல் வரவில்லை.

அவள் கணவர் கிளெமென்ட்டின் கடை வீட்டுத் தெருமுனையில் இருந்தது. பைகளுக்கு ஜிப் மாற்றுவது, அறுந்த கைப்பிடி தைப்பது. மனைவி வந்தால் தேநீர் வரவழைத்து, அன்றைய கதையைக் கேட்டுவிட்டுத்தான் கடையைச் சாத்துவார். அன்றைக்கும் ஒரு பள்ளிக்கூடப் பையை மடியில் போட்டுக்கொண்டே கேட்டார். எல்லாவற்றையும் சொன்னாள். மஞ்சளையும், கரப்பான் மருந்தையும், அக்கா என்று கூப்பிட்டதையும்.

"அப்போ அவன் என்ன சொன்னான், அந்தக் கடைசிக் கேள்விக்கு?" என்றார் கிளெமென்ட்.

"எதுக்கு?"

"அதான்டி, தினம் சொல்வியே. சாகணும்னு தோணுதான்னு கேக்கறதுதான் கஷ்டம்னு."

ஆஞ்சலா தேநீர் டம்ளரைக் கீழே வைத்தாள். "கேக்கல."

"ஏன்?"

வாயைத் திறந்தாள். பார்கவி இல்லை, வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள், லைட் ரூம் கொடுமை என்று வரிசையாகக் காரணங்கள் நாக்குவரை வந்தன. அவற்றுக்கெல்லாம் பின்னால் வேறொன்று நின்றது. அதையே சொன்னாள்.

"கேட்டா ஆமான்னு சொல்லிடுவார்னு தெரியும். அதான் கேக்கல."

கிளெமென்ட் ஊசியைப் பையில் குத்தி நிறுத்தினார். அவர் எப்போதும் கிண்டல் செய்கிற மனிதர். அன்றைக்குக் கிண்டல் செய்யாமல் போனை அவள் பக்கம் நகர்த்தினார். அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

கடையிலிருந்தே சிறைக்குப் போன் போட்டாள். மாலை முறையில் இருந்த கிரண் என்கிற வார்டர் எடுத்தான்.

"ஹேளி சிஸ்டர், சொல்லுங்க. ஊட்டா ஆய்த்தா, சாப்டாச்சா?"

"ஆச்சு கிரண். இன்னிக்குப் புதுசா வந்த கவியரசன் எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்கான். எல்லாருக்கும் ஊட்டா கொடுத்தாச்சு. அவன் சாப்பிடல, புதுசுல யாரும் சாப்பிட மாட்டாங்க. ஏன் சிஸ்டர், சொந்தக்காரனா?"

"இல்லப்பா. சும்மாதான்."

அவன்மேல் ஒரு கண் வை என்று சொல்லத்தான் போன் போட்டாள். ஆனால் அப்படிச் சொன்னால் கிரணுக்குத் தெரிந்த ஒரே வழி லைட் ரூம்தான். சாப்பிடாமல் படுத்திருக்கிறவனை எழுப்பி இழுத்துக்கொண்டு போவான். அவள் போனை வைத்துவிட்டாள். இரண்டாவது தடவையும் இரக்கம் என்ற பெயரில் வாயை மூடிக்கொண்டோம் என்று அடுப்பு முன்னால் நிற்கும்போதுதான் புரிந்தது.

இரவு ஜெபத்துக்கு முழங்கால் போட்டாள். எழுதித் தள்ளிய அத்தனை 'தவறுதலாக'வும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. தாலியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்ற ஒருத்தி. பரீட்சையில் தோற்ற ஒரு பெண். மூக்கில் குழாயோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பஸ் கண்டக்டர். அவர்களை எல்லாம் காப்பாற்றி, முகம் துடைத்து, தவறுதலாக என்று எழுதி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். ஏன் குடித்தீர்கள் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. எழுதியாகிவிட்டால் அப்புறம் கேட்க வேண்டியதில்லை.

காலையில் வழக்கத்தைவிட முன்னாலேயே சிறைக்கு வந்து சேர்ந்தாள். மேசைக்குப் போகாமல் நேராக டாக்டர் கோவிந்தராஜனின் அறைக்குப் போனாள். சிறை டாக்டர். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. மனிதர் நல்லவர், ஆனால் எல்லாவற்றிலும் சலித்துப்போனவர்.

"கவியரசனுக்கு நேத்து நான் போட்ட பச்சையை மாத்தணும் டாக்டர்."

"நேத்து பச்சை, இன்னிக்குச் சிவப்பா? நடுவுல கனவுல யாராச்சும் வந்து சொன்னாங்களா சிஸ்டர்?"

"கடைசிக் கேள்வியைக் கேக்காமலே கேட்டதாப் போட்டுட்டேன்."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கதவு பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பாருங்க, நீங்க ஒப்பந்தத்துல இருக்கறவங்க. இது மேல போனா வேலைக்கே வினை. நான் இதைக் காதுல வாங்கல. நீங்க இப்போ போய்க் கேட்டு, இப்போ மாத்திடுங்க. நேத்தே கேட்டதா இருக்கட்டும். யாருக்கும் நஷ்டமில்ல."

அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பு அவளுக்கு ரொம்பவும் பழகிப்போனது. அதே அன்போடுதான் அவளும் தவறுதலாக என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

"வேணாம் டாக்டர். இதே உதவியைத்தான் நேத்து நான் அவருக்குப் பண்ணேன். என்ன நடந்துச்சோ அதை அப்படியே எழுதித் தந்துடறேன்."

 டாக்டர் ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் எழுதிக் கொடுத்தாள்.

கவியரசனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவன் உயிரோடு நடந்து வருவதைப் பார்த்து அவள் எழுந்து நின்றாள். டாக்டர் முன்னிலையில் அந்தக் கேள்வியைக் கேட்டாள். அவன் டாக்டரைப் பார்த்தான், வாசலில் நின்ற வார்டரைப் பார்த்தான்.

"இல்ல. அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"போன வருஷம் குடிச்சது?"

"தவறுதலா. அதுலயே எழுதியிருக்கே." அப்புறம் அவளிடம் மட்டும், மெதுவாக, "அக்கான்னு கூப்ட்டனே" என்றான்.

டாக்டர் சிவப்பைப் போட்டார். லைட் ரூம் என்றார்.

"தனியாப் போடாதீங்க டாக்டர். வார்டுல போடுங்க."

"வார்டுல இவன் கூட உக்கார ஆளு எங்க சிஸ்டர்? ஆள் இருந்தா நான் எதுக்கு அந்த ரூமைத் திறக்கறேன்? எனக்கு மட்டும் அது புடிச்சிருக்கா?"

"நான் உக்கார்றேன்."

"உங்க மேசை?"

கதவோரம் பார்கவி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை, முகம் சிவந்திருந்தது. தன் மெஷினில் பொய்யைப் போட்டாள் என்று கோபிக்கப்போகிறாள் என்று ஆஞ்சலா நினைத்தாள்.

"என்ட்ரி எல்லாம் நான் போட்டுக்கறேன்" என்றாள் பார்கவி. "கேள்வி கேக்க மட்டும் உங்களைக் கூப்பிடறேன். சாப்பிட்டீங்களான்னு நானே கேட்டுடறேன் மேடம், அது எனக்கு வரும்." சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

நடுநடுவே எழுந்து போகிற ஆளை நம்பி வார்டில் போட டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. லைட் ரூமின் கம்பிக் கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டு ஆஞ்சலா உட்கார்ந்தாள். உள்ளே கவியரசன் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தான். அவன் முதுகுதான் தெரிந்தது.

"நேத்து உங்களை நான் கேட்டிருக்கணும். கேக்கல" என்றாள் அந்த முதுகிடம். "உங்களுக்காகன்னு நெனச்சுக்கிட்டேன். அது பொய். எனக்குத்தான் பயமா இருந்துச்சு. மன்னிச்சுடுங்க."

முதுகு அசையவில்லை.  ஜெபமாலையை எடுக்கலாமென்று பார்த்தாள். அவனுக்கு முன்னால் அதை எடுப்பது தன்னை நல்லவளாகக் காட்டிக்கொள்வதுபோல் பட்டது. உள்ளேயே வைத்துவிட்டாள். அன்றைக்குப் பகல் முறையில் இருந்த கிரண் அந்தப் பக்கம் வந்து நின்றான். "ஏன் சிஸ்டர், நீவே ஒளகே ஹோக்தீரா, நீங்களே உள்ள போறீங்களா? சாவி வேணுமா?" என்று கேலி செய்துவிட்டுப் போனான். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு திரும்பி வந்தான். "ஸ்டூல்ல முதுகு போய்டும்" என்று போட்டுவிட்டு, ஸ்டூலை எடுத்துக்கொண்டு போனான். போகும்போது மென்டல் என்று சொல்லவில்லை.

பார்கவி கூப்பிட்டாள். எழுந்து போய் ஒருவனிடம் கேள்வி கேட்டுவிட்டு வந்தாள். மறுபடியும் கூப்பிட்டாள், மறுபடியும் போய்விட்டு வந்தாள். திரும்பி வருகிற ஒவ்வொரு முறையும் முதுகு கொஞ்சம் திரும்பியிருந்ததோ, அவளுக்குத்தான் அப்படித் தோன்றியதோ.

"கோட்டு ஓரம் பிரிஞ்சிருக்கு."

சட்டென்று வந்த குரலில் அவள் திடுக்கிட்டாள். அவள் வெள்ளைக் கோட்டின் கீழ்மடிப்பு ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆமா. கதவுல மாட்டிக்கிச்சு. எங்க வீட்டுக்காரர் தைக்கறவர்தான், என்னோடதைத் தைக்கத்தான் அவருக்கு நேரமில்ல."

"அது மாட்டிக்கிட்டதால இல்ல. வெட்டினவன் மடிப்புக்குத் துணி கம்மியா விட்டுட்டான். எத்தன தடவ தச்சாலும் பிரியும்." சொல்லிவிட்டு அவன் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தான். "எங்க செக்ஷன்ல இப்படி வெட்டினா மாஸ்டர் திட்டுவாரு."

அப்புறம் துணியைப் பற்றித்தான் பேசினார்கள். எந்தத் துணி சுருங்கும், எது சாயம் போகும், கம்பெனிக்காரன் எங்கே மிச்சம் பிடிப்பான். அவன் கைகள் தொடை இடுக்கிலிருந்து வெளியே வந்து, காற்றில் துணியை விரித்துக் காட்டின. பேச்சு ஓய்ந்த ஓர் இடத்தில், அவள் நாற்காலியைக் கம்பிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.  இப்போது ஆமாம் என்று சொன்னால் தன்னால் என்ன செய்யமுடியும் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் கேட்டாள்.

"கவியரசன், செத்துப்போயிடலாம்னு தோணுதா?"

அவன் அவளையே பார்த்தான். மறுப்பான் என்று நினைத்தாள். அவன் உதடு கோணியது.

"இத இதுவரைக்கும் ஒருத்தருமே கேக்கலக்கா. போன வருஷம் ஆஸ்பத்திரியிலயே மகா சொல்லிட்டா, தவறுதலான்னு சொல்லிடுன்னு. அவ நல்லதுக்குத்தான் சொன்னா. அதுக்கப்புறம் வீட்டுல அதப் பத்திப் பேச்சே இல்ல. டாக்டர் கேக்கல, எங்கம்மா கேக்கல. நானே சில நாள் நெனச்சுக்குவேன், நெஜமாவே தவறுதலாத்தான் குடிச்சனோன்னு. மச்சான் மட்டும்தான் அதச் சொல்லிக் காட்டுவான், ஒழுங்காச் சாகக்கூடத் தெரியலன்னு. அன்னிக்கும் அதத்தான் சொன்னான். கட்டய எடுத்துட்டேன்."

சட்டையைத் தூக்கி இடுப்பில் கை விட்டு எதையோ அவிழ்த்தான். கம்பளி ஓரத்திலிருந்து கிழித்து முறுக்கிய ஒரு நீளமான துணி. நேற்று இரவு பாரக்கில் கிழித்தது. சோதனை போட்டவர்கள் கண்ணில் படவில்லை. அதைக் கம்பி வழியாக அவள் மடியில் வைத்தான்.

 பஸ்ஸில் நன்றி சொன்னது, சும்மாதான் என்று சொல்லிப் போனை வைத்தது எல்லாம் அந்தத் துணியாக முறுக்கிக்கொண்டு மடியில் கிடந்தது.

"நேத்து ராத்திரியே..." என்றாள். 

"ஆமா. எல்லாரும் தூங்கட்டும்னு படுத்திருந்தேன். பக்கத்துல ஜெயராமன்னு ஒரு பெரியவர். இருமல். தம்பி கொஞ்சம் தண்ணி குடுன்னாரு. குடுத்துட்டு வந்து படுத்தேன். திரும்பவும் இருமினாரு, தம்பி தண்ணின்னாரு. வேற யாரையாச்சும் கேளுய்யான்னு திட்டினேன். நீதானப்பா முழிச்சிருக்கன்னாரு. விடிய விடிய இதே வேலை. எந்திரிக்கறதும் தண்ணி மோந்து குடுக்கறதும். அப்புறம் பாத்தா வெளுத்துருச்சு."

அவள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். இவனைக் காப்பாற்றியது மெஷின் இல்லை, அவள் இல்லை. தொண்டை வறண்ட ஒரு கிழவர், தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே செய்திருக்கிறார். அவர் ஒரு தடவை இருமாமல் தூங்கியிருந்தால்? ஆண்டவரே, நான் விட்ட இடத்தில் நீர் ஒருவரைப் படுக்கவைத்திருந்தீர் என்று உள்ளுக்குள் சொன்னாள். அதனால் அவள் குற்றம் குறைந்துவிடவில்லை என்பதும் கூடவே தெரிந்தது.

"இதயும் எழுதுவீங்களாக்கா?" மடியிலிருந்த துணியைக் காட்டிக் கேட்டான்.

"எழுதுவேன்" என்றாள். "மறைக்க மாட்டேன். எழுதிட்டுத் திரும்ப இங்கயே வந்து உக்காருவேன். நாளைக்கும் வருவேன். டவுன்லருந்து மனநல டாக்டர வரவழைக்கச் சொல்லி நம்ம டாக்டரப் போட்டு அரிப்பேன். உங்க மகாகிட்ட நான் பேசணுமா வேணாமான்னு நீங்க சொல்லுங்க. நீங்க சொல்லாமப் பேசமாட்டேன்."

  அந்த ஓயாத வெளிச்சத்தில் அவன் கண் கூசியது, கையை நெற்றியில் வைத்து மறைத்துக்கொண்டான்.

"மகா விஷயம் அப்புறம் சொல்றேன்" என்றான். "என்னை இங்க போட்டுட்டாங்களே. அந்தப் பெரியவருக்கு இன்னிக்கு யாருக்கா தண்ணி குடுப்பாங்க? எழுப்பினா எவனும் எந்திரிக்க மாட்டான்."

ஆஞ்சலா எழுந்தாள். ஜெயராமனின் இருமலுக்கும் வார்டில் ஒரு கட்டில் வேண்டும், அதற்குப் பக்கத்துக் கட்டிலில் இவனைப் போடவேண்டும், கூட உட்கார ஆள் எங்கே என்று கேட்ட டாக்டருக்கு இரண்டு பேருக்கும் சேர்த்தே பதில் சொல்லவேண்டும். மறுப்பார். ரூல்ஸ் என்பார். அவர் மேசைக்கு முன்னாலேயே நிற்கவேண்டியதுதான். கிரணைக் கூப்பிட்டு, தான் வரும்வரை அந்த நாற்காலியை விட்டு நகரக்கூடாது என்று உட்காரவைத்தாள். அவனும் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தான்.

"கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று கவியரசனிடம் சொல்லிவிட்டு, முறுக்கிய துணியை எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி கையிலேயே பிடித்துக்கொண்டு டாக்டர் அறையை நோக்கி நடந்தாள். வலிக்கிற முழங்காலோடு அவளால் நடக்கமுடிந்த வேகத்தில் நடந்தாள்.